றெஜியின் உயரத்துக்கு ஒரு மெழுகுதிரி

2010 ஆகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை, என் மனைவி றெஜியால் ஊறுகாய்ப் போத்தலைத் திறக்க முடியவில்லை. எங்கள் துன்பம் அப்படித்தான் தொடங்கியது. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். "உமக்கு வயசு போட்டுது" என்று பகிடியும் விட்டேன். அவளுக்கு அப்போது நாற்பத்து நான்கு.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது கால் விறைக்கிறது என்றாள். திங்கள் காலை குளியலறையில் விழுந்துவிட்டாள். ஓடிப்போய்த் தூக்கினேன். கால்கள் இரண்டும் துணிபோலத் தொங்கின. செவ்வாய் பின்னேரம், சிட்னி லிட்கம்மில் எங்கள் வீட்டுக் கொடியில் அவள் காயப்போட்ட உடுப்புகள் இன்னும் கிடக்க, அவள் ஆஸ்பத்திரியில் சுவாசக் குழாயோடு கிடந்தாள். நான்கு நாள். அவ்வளவுதான்.

சகோதர சகோதரிகளே, உங்களில் பலருக்கு என்னைத் தெரியும். நமது செபக் குழுவில் எப்போதும் பின் வரிசைக் கதிரையில் இருப்பவன். யாராவது எழுந்து சாட்சி சொன்னால் மணிக்கூட்டைப் பார்ப்பவன். "இவருக்கு மட்டும் ஆண்டவர் தனி லைன் குடுத்திருக்கிறார் போல" என்று றெஜியின் காதுக்குள் சொல்லிக் கிள்ளு வாங்கியவன். அப்படிப்பட்டவனிடம் சாட்சி எழுதச் சொன்னால் என்ன செய்வது? நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். என்னைப் பற்றி உங்களுக்கு நல்ல எண்ணம் இருந்தால் அதில் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார். றெஜிக்கு இரண்டு கிழமைக்கு முதல் வயிற்றோட்டம் வந்து மாறியிருந்தது. அந்தக் கிருமியை எதிர்க்கப் புறப்பட்ட அவளுடைய உடம்பின் எதிர்ப்புச் சக்தி, ஆள் மாறி அவளுடைய நரம்புகளையே அடிக்கத் தொடங்கிவிட்டதாம். கால், கை, நெஞ்சு, முகம் என்று கீழிருந்து மேலே ஏறுமாம். பிறகு மெல்ல மெல்ல இறங்குமாம். எப்போது இறங்கும் என்று கேட்டேன். கிழமைகளாகலாம், மாதங்களாகலாம் என்றார். இறங்காமலே விடுமா என்று கேட்டேன். அவர் என் தோளில் கை வைத்தார். அந்தக் கை எனக்கு ஆறுதலாக இருக்கவில்லை, பயமாக இருந்தது.

முதல் கிழமை அவளால் கண்ணை மூடித் திறக்க முடிந்தது. ஒரு தரம் மூடினால் ஓம், இரண்டு தரம் மூடினால் இல்லை. பிறகு அதுவும் போய்விட்டது. இமைகள் தானாக மூடாததால், கண் காய்ந்துவிடக் கூடாது என்று களிம்பு பூசி, இமைகளை மூடி, மேலே பிளாஸ்டர் ஒட்டிவிட்டார்கள். அதன் பிறகு அவள் நித்திரையா, முழிப்பா, வலிக்கிறதா, குளிர்கிறதா, ஒன்றும் தெரியாது. மெஷின் மட்டும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு அங்கே ஒரு வேலையும் இருக்கவில்லை. நான் தண்ணீர்க் குழாய்ச் சாமான் விற்கும் கொம்பனியின் ஸ்ரோரில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவன். உடைந்ததைத் தூக்குவேன், பாரமானதை நகர்த்துவேன், கை சும்மா இருந்து பழக்கமில்லை. அந்த அறையில் துவாயை மடிப்பேன், விரிப்பேன், திரும்ப மடிப்பேன். அவளுடைய பாதத்துக்கு எண்ணெய் பூசுவேன். மெஷின் கூவினால் எழும்பி நிற்பேன். நேர்ஸ் வந்து ஒரு பொத்தானை அமத்திவிட்டுப் போவாள். நான் திரும்ப இருப்பேன்.

எங்கள் மகள் அனித்தாவுக்கு அப்போது பதினைந்து வயது. பள்ளிக்கூடம் முடிய நேரே அங்கே வந்து, தாயின் கையைப் பிடித்து அன்றைக்கு நடந்தது எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டுவாள்.

"அப்பா, நீங்களும் கதையுங்கோ. ஷி கேன் ஹியர் எவ்ரிதிங், அம்மாவுக்கு எல்லாம் கேக்கும். நேர்ஸ் சொன்னவ."

நான் தலையாட்டினேன். சொந்தக்காரருக்கு ஆறுதலாகச் சொல்லும் பேச்சு என்று நினைத்துக்கொண்டேன். எல்லா நோயாளி வீட்டாருக்கும் அப்படித்தானே சொல்லுவார்கள்.

றெஜியின் தமக்கை பிலோமினா அக்கா சுவிசில், மலை சூழ்ந்த ஓர் ஏரிக்கரை ஊரில் இருக்கிறா. முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் சமையல் வேலை. அவ ஒரு நாள் போன் எடுத்தா.

"தம்பி, அழாதேங்கோ. நான் நேர்த்தி வைச்சிட்டன். இஞ்ச ஏரிக்கரையில ஒரு பழைய கோயில் இருக்கு. ஆயிரம் வருசத்துக்குக் கிட்டவாம். றெஜி எழும்பி நடந்தால், அவளின்ர உயரத்துக்கு மெழுகுதிரி கொண்டுவந்து அந்தோனியாருக்குக் கொளுத்துறது எண்டு நேர்ந்திருக்கிறன்."

எனக்குக் கோபம்தான் வந்தது. இங்கே ஒரு மனுசி கண்ணை மூட ஏலாமல் கிடக்கிறாள், அங்கே இவ மெழுகுதிரிக்கு அளவு எடுக்கிறா. "சரி அக்கா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இனிச் சொல்லப்போவதை நான் இரண்டு வருடம் ஒருவருக்கும் சொல்லவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியிடமும் சொல்லவில்லை.

ஐந்தாவது கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை பகல். தொண்டையில் துளை போட்டுக் குழாயை மாற்றியிருந்தார்கள். காய்ச்சல் வந்திருந்தது. நெஞ்சில் சளி கட்டிவிட்டது, அடுத்த சில நாட்கள் முக்கியமானவை என்றார்கள். எனக்கு லீவு முடியப்போகிறது. அனித்தா இரண்டு பாடத்தில் பெயில். நான் கட்டிலின் கால்மாட்டில் இருந்து, றெஜியின் காலைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டுச் செபித்தேன். என் வாழ்க்கையில் அப்படி முழு மனதோடு ஒருநாளும் செபித்ததில்லை.

"ஆண்டவரே, இவளை எடுத்துவிடும். இவளும் இழுபட வேண்டாம், நாங்களும் இழுபட வேண்டாம்."

இதுதான் நான் கேட்டது. அவள் சாக வேண்டும் என்று கேட்டேன். முதல் பாதியை அவளுக்காகக் கேட்டேன் என்று சொல்லித் தப்பலாம். இரண்டாவது பாதி எனக்காகக் கேட்டது. சொல்லி முடிந்ததும் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்துத்தான் பிறகு இரண்டு வருடம் என்னால் நித்திரை கொள்ள முடியவில்லை.

ஆண்டவர் கேட்கவில்லை. காய்ச்சல் நாலாம் நாள் விட்டது. அதற்குப் பிறகு மூன்று கிழமை ஒன்றும் நடக்கவில்லை. ஒக்டோபர் மாதம் ஒரு காலை, நேர்ஸ் பிளாஸ்டரை எடுத்துக் களிம்பைத் துடைத்தபோது வலது கண் இமை தானாக அசைந்தது. நேர்ஸ் கத்திய சத்தத்தில் நான் கதிரையோடு விழப்பார்த்தேன். அடுத்த நாள் இடது கண். இரண்டு கண்ணும் திறந்து றெஜி என்னைப் பார்த்தாள். எல்லாரும் அழுதார்கள். நான் மட்டும் துவாயை மடிக்கத் தொடங்கினேன். அந்தக் கண்ணை என்னால் நேருக்கு நேர் பார்க்க முடியவில்லை.

சுவாசக் குழாய் கழற்றிய பிறகு அவளுடைய முதல் பேச்சு, "பிள்ளை சாப்பிட்டவளோ?" என்பதுதான். என்னோடு அதிகம் கதைக்கவில்லை. களைப்பு என்று நினைத்தேன். கையில் கரண்டி பிடிக்க ஒரு மாதம். கட்டிலில் எழுந்து இருக்க இன்னொரு மாதம். 2011 பெப்ரவரியில், நடக்க உதவும் நாலு கால் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் படியில் கால் வைத்தாள். நம் குழுவில் எல்லாரும் வந்து செபமாலை சொன்னீர்கள், இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தீர்கள். "உங்கட செபம் கேட்டிருக்கு அண்ணை" என்று என் கையைப் பிடித்துச் சொன்னீர்கள். நான் இடியப்பத் தட்டை மேசையில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி போடக் குசினிக்குள் போனேன். என் செபம் என்ன என்று உங்களுக்குத் தெரியாதே.

அதன் பிறகு மெழுகுதிரி வேலையை நான் ஒரு வெறியோடு பிடித்துக்கொண்டேன். முதலில் கோபப்பட்டவன் நான். இப்போது அந்த நேர்த்தியைச் செய்து முடித்தால் என் கணக்கும் தீர்ந்துவிடும், அவளுக்கு ஒன்றும் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். றெஜியைக் குசினிக் கதவோடு நிமிர்ந்து நிற்கச் சொல்லிப் பென்சிலால் கோடு போட்டேன். ஐந்தடி ஓரங்குலம். ஸ்ரோரில் மிஞ்சிய பிளாஸ்ரிக் குழாய்த் துண்டு ஒன்றை அதே அளவில் வெட்டினேன். மெழுகுக் கட்டி வாங்கி, கராஜில் சோற்றுப் பானையில் உருக்கி, நடுவில் நூல்திரியை இழுத்துக் கட்டிவிட்டுக் குழாய்க்குள் வார்த்தேன். முதல் தரம் வெடித்துவிட்டது. இரண்டாம் தரம் திரி ஒரு பக்கம் போய்விட்டது. மூன்றாவது சரிவந்தது. சோற்றுப் பானை குப்பைக்குப் போனது. அதற்கு வாங்கிய பேச்சு வேறு கதை.

2012 செப்டெம்பரில் புறப்பட்டோம். விமான நிலையத்தில் அந்த நீளக் குழாயைப் பார்த்து, மீன்பிடித் தடியா என்று கேட்டார்கள். மெழுகுதிரி என்றேன். திரும்பவும் கேட்டார்கள். மெழுகுதிரிதான் என்றேன். றெஜி ஒரு கையில் பொல்லை ஊன்றிக்கொண்டு, மற்றக் கையால் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

பிலோ அக்கா இருக்கும் ஊர் அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஏரி, அதற்குப் பின்னால் பனி மூடிய மலைகள், தண்ணீரில் வெள்ளைக் கப்பல் ஒன்று. கரையில் அந்தக் கோயில். கருங்கல் சுவர், சதுரக் கோபுரம், மேலே கூரான கூரை. அக்கா பதினொரு வருடமாக வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்து அந்தக் கோபுரத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டு போனவ. தமிழ்ப் பூசை வேறு ஊரில், மாதத்துக்கு ஒருக்கால். ஆகவே இந்தக் கோயிலுக்குள்ளே அவ ஒருநாளும் போனதில்லை. அது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

உள்ளே போனதும் பழக்கத்தில் தீர்த்தம் தொடக் கை நீட்டினேன். வாசலோரக் கல்லில் குழி இருந்தது, தண்ணீர் இல்லை. விரலில் தூசு ஒட்டியது. நிமிர்ந்து பார்த்தேன். வெள்ளைச் சுவர். மர முகடு. ஆட்கள் இருக்க வெறும் வாங்குகள். சுரூபம் ஒன்றுகூட இல்லை. சுவரில் சுரூபம் வைக்கிற மாடங்கள் இருந்தன, வெறுமையாக. மாதா இல்லை, அந்தோனியார் இல்லை, முழந்தாளிட ஒரு பலகை இல்லை, மெழுகுதிரி கொளுத்தும் இடம் இல்லவே இல்லை. ஒரு பக்கச் சுவரில் சுண்ணாம்புக்குள் இருந்து அரைகுறையாக வெளியே வந்த பழைய ஓவியங்கள். அப்போஸ்தலர்களாக இருக்கலாம். முகங்கள் அழிந்துபோயிருந்தன.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் ஒரு வயதான அம்மா திறப்புக் கோர்வையோடு வந்தா. என் தோளில் இருந்த ஐந்தடிச் சாமானைப் பார்த்து நின்றுவிட்டா. அக்கா தனக்குத் தெரிந்த ஜேர்மன் மொழியில் கதைத்தா. கதைக்கக் கதைக்க அக்காவின் முகம் வெளிறிப்போனது.

"தம்பி... இது எங்கட கோயில் இல்லையாம். ஐந்நூறு வருசத்துக்கு முதலே சமயம் மாறிட்டினமாம். சுரூபம் எல்லாம் எடுத்தாச்சாம். படங்களுக்கு மேல வெள்ளை அடிச்சு, பிறகு சுரண்டி எடுத்ததுதானாம் இது. இப்ப புரட்டஸ்தாந்துக் கோயிலாம். மெழுகுதிரி ஒருக்காலும் கொளுத்திறேல்லையாம். மர முகடாம், நெருப்புக் கூடாதாம்."

"அந்தோனியார்?"

"அந்தோனியார் இருந்ததே இல்லையாம்."

அக்கா வாங்கில் இருந்து விம்மி விம்மி அழுதா. "எனக்குத் தெரியாது தம்பி. இவ்வளவு பழைய கோயில், கட்டாயம் இருப்பார் எண்டு நினைச்சிட்டன். பிழையான இடத்தில நேர்ந்திட்டன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அந்த அம்மாவுக்குப் பாவமாகப் போயிற்று. வெளியே சுவரோரமாகக் கொளுத்தலாமோ என்று பார்ப்போம் என்று அக்காவைக் கையில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனா.

றெஜியும் நானும் மட்டும் இருந்தோம். மெழுகுதிரி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வாங்கில் கிடந்தது. ஆஸ்பத்திரி அறையில் இருந்த அதே கையாலாகாத்தனம் திரும்ப வந்து என் மேல் ஏறியது. உலகத்தின் மறுபக்கத்துக்குச் சுமந்து வந்த சாமானுக்கு இங்கே ஒரு பெறுமதியும் இல்லை. மடிக்க ஒரு துவாயும் இல்லை. ஒளிந்துகொள்ள ஒரு சுரூபமும் இல்லை. என்னிடம் மிச்சமாக இருந்தது நான் மறைத்த சொல் ஒன்றுதான்.

"றெஜி, உமக்கு ஒண்டு சொல்லவேணும்" என்றேன்.

"சொல்லுங்கோ."

"நீர் ஆஸ்பத்திரியில கிடக்கேக்க, நான் ஒருநாள் ஒரு செபம் செய்தனான்." அதற்கு மேல் சொல்ல வாய் வரவில்லை. நாற்பத்தொன்பது வயது ஆம்பிளை, மூக்கு ஓட ஓட இருந்தேன்.

அவள் முன்னால் இருந்த வெறும் மாடத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நான் கேட்டனான்."

"என்னத்தை?"

"நீங்கள் கேட்டதை. செவ்வாய்க்கிழமை. என்ர காலைப் பிடிச்சுக்கொண்டு. 'இவளும் இழுபட வேண்டாம், நாங்களும் இழுபட வேண்டாம்'. எனக்குக் காது கேட்டது. எல்லாம் கேட்டது. அனித்தா எத்தினை தரம் சொன்னவள் உங்களுக்கு?"

நான் மெழுகுதிரியை இறுக்கிப் பிடித்தேன்.

"எனக்கு வாய் இல்லை. கை இல்லை. கண் திறக்கேலாது. நான் என்ன செய்யிறது? உள்ளுக்குள்ள கிடந்து கத்தினன். 'ஆண்டவரே, இந்த மனுசன் களைச்சுப்போய்க் கதைக்குது. இது சொல்லுறதைக் கேட்டுப்போடாதையும். எனக்குப் பிள்ளை இருக்கு.' அண்டைக்கு முழுக்க அதைத்தான் சொன்னனான். அடுத்த நாளும் அதைத்தான். உங்கட செபம் முந்திப் போய்ச் சேர்ந்திடுமோ எண்டு அவ்வளவு பயம்."

"ஏன் றெஜி இவ்வளவு நாளும் சொல்லேல்ல?"

"நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பார்த்தனான்."

"கோவம் வரேல்லையோ?"

"வராமல் விடுமே? கை எழும்பின உடனே முதல் வேலையா உங்களுக்கு ரெண்டு அறை போடுறது எண்டுதான் இருந்தனான். கை எழும்பேக்க நீங்கள் எனக்குச் சோறு தீத்திக்கொண்டு இருந்தீங்கள். எப்பிடி அடிக்கிறது?"

அவள் பொல்லை வாங்கில் சாத்திவிட்டு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அந்தக் கையில் இன்னும் முழுப் பலம் வரவில்லை, விரல்கள் நடுங்கும். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. முகம் அழிந்த அப்போஸ்தலர்களுக்கு முன்னால் இரண்டு பேரும் இருந்து அழுதோம். பிறகு அவள்தான் கேட்டாள்.

"அக்கா நேர்ந்த இடத்தில அந்தோனியாரும் இல்லை. நீங்கள் கேட்டது சாவு. நான் வாயே திறக்கேல்ல. அப்ப ஆரப்பா இதையெல்லாம் பிரிச்சுப் பிரிச்சுக் கேட்டது?"

அந்த வெறும் கோயிலில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

வெளியே சுவரோரம் மெழுகுதிரியை நிறுத்தி, அந்த அம்மா தந்த தீப்பெட்டியால் கொளுத்தினோம். ஏரிக் காற்று அணைத்தது. திரும்பக் கொளுத்தினோம், திரும்ப அணைந்தது. மூன்றாவது தரம் அக்கா சால்வையை விரித்து மறைத்துப் பிடித்தா. சால்வை பொசுங்கியதுதான் மிச்சம். றெஜிக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

"காணும் அக்கா, விடுங்கோ. வீட்டை கொண்டுபோவம். அங்க வைச்சுக் கொளுத்தினாலும் அவருக்குத் தெரியும்" என்றாள்.

அப்படித்தான் கருகிய திரியோடு அது சிட்னிக்குத் திரும்பி வந்தது. சுங்கத்தில் அதிகாரி ஒருவர் குழாயின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை பார்த்துவிட்டு, எங்களையும் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

நான் இப்போதும் பின் வரிசையில்தான் இருக்கிறேன், ஆனால் மணிக்கூட்டைப் பார்ப்பதில்லை. நித்திரை வருகிறது. றெஜிக்கு இடது பாதம் இன்னும் முழுதாகத் தூக்க வராது, படியில் என் தோளைப் பிடிப்பாள். அந்தப் பிடியைப் போல எனக்கு ஆசீர்வாதம் வேறில்லை. ஆண்டவர் என் செபத்தைக் கேட்கவில்லை. அதற்காக நான் சாகும்வரை நன்றி சொல்லுவேன்.

உங்கள் வீட்டில் யாராவது கண் மூடிக் கிடந்தால், பக்கத்தில் இருந்து கதையுங்கள். அவர்களுக்குக் கேட்கும். உங்களுக்கு நல்ல செபம் வராவிட்டால், என்னைப்போல ஆகாத செபம்தான் வாயில் வந்தால், பயப்படாதீர்கள். எதைக் கேட்பது, எதை விடுவது என்று அவருக்குத் தெரியும். செபிக்க ஆள் துணை வேண்டுமென்றால் வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டுக்கு வாருங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லி அந்த மெழுகுதிரியைக் கொளுத்தி, றெஜி செபம் சொல்லுவாள். நான் தேத்தண்ணி போடுவேன். குசினிக் கதவில் அந்தப் பென்சில் கோடு அப்படியே இருக்கிறது. மெழுகுதிரி இப்போது றெஜியின் தோளளவுக்கு வந்துவிட்டது. இன்னும் நிறையப் பேருக்குக் காணும்.